தாத்தாவின் ரிவால்வரை வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: பரணை ஒழித்தபோது, ராணுவத்தில் இருந்த தாத்தாவின் வெப்லி ரிவால்வர் கிடைத்தது. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. அவர் இப்போது இல்லை. துருப்பிடித்து, தோட்டாவை அடிக்கும் சுத்தியல் பாகம் அசையவே இல்லை. நினைவாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் பெயரில் லைசென்ஸ் வரும்வரை அது வீட்டில் இருக்கக் கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். நிலையத்துக்குச் சொல்லி ஆளை வரவழையுங்கள். உருளையின் ஆறு அறைகளில் எதிலாவது தோட்டா இருக்கலாம், விசையைத் தொடவே வேண்டாம். ரசீதில் தொடர் எண், குழலின் துளை அளவு, தோட்டா எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். ‘பழைய துப்பாக்கி ஒன்று’ என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

‘ஓடாத துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதற்கு?’ என்று யாராவது சொல்வார்கள். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். 45-ஆம் பிரிவு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழையதாக இருந்தால் மட்டும் போதாது, பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். எண்ணெய் விட்டு ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் சுடும் என்றால், சட்டத்தின் கண்ணில் அது முழுத் துப்பாக்கி. அதைத் தடய அறிவியல் நிபுணர் சொல்ல வேண்டும், லேத் பட்டறைக்காரர் அல்ல. ‘சுட முடியாதபடி குழலில் ஓட்டை போட்டுத் தருகிறேன்’ என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்க்கவும் வேண்டாம். தொடர் எண் அழிந்தால் 8-ஆம் பிரிவில் அது தனிக் குற்றம், அழித்தது நீங்கள்தான் என்றே எடுத்துக்கொள்வார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே, 2019 திருத்தத்துக்குப் பின் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

வேண்டும் என்றால், 2016 ஆயுத விதிகளின் 25-ஆம் விதியில் வாரிசுக்கு வழி உண்டு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், பழைய லைசென்ஸ் புத்தகம் எல்லாம் மனுவோடு வையுங்கள். ராணுவ வெப்லிகள் பெரும்பாலும் .455 அல்லது .38 தோட்டாவுக்கானவை. அவை கட்டுப்படுத்தப்பட்ட வகை; கலெக்டர் அலுவலகத்தோடு முடியாது, மத்திய உள்துறை வரை போகும். ‘வெளிமாநில லைசென்ஸ் ஒரே வாரத்தில்’ என்னும் புரோக்கரிடம் பணம் கொடுத்தால், போலிப் புத்தகத்தோடு நீங்கள்தான் நிற்பீர்கள்.

லைசென்ஸ் மனு மீதான போலீஸ் அறிக்கைக்கு விதியில் 30 நாள்தான். மாதக்கணக்கில் ஃபைலைத் தூங்க வைப்பது அநியாயம், அதுதான் மக்களைப் புரோக்கரிடம் துரத்துகிறது. 31-ஆம் நாள் மனு எண்ணைக் குறிப்பிட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடுங்கள்.