சரக்குப் பெட்டி கட்டுதலும் படமெடுத்தலும்: கேள்வி பதில்

சிறிய அளவிலான மாதிரிச் சரக்குப் பெட்டிகளைக் கட்டுவது பற்றியும் அவற்றைப் படமெடுப்பது பற்றியும் மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஹட்டன்: ஐயா, 1:87 அளவில் அமெரிக்க நாற்பது அடி மூடுபெட்டி ஒன்றைத் தொகுப்பிலிருந்து பொருத்தினேன். நேர்ப்பாதையில் ஓடுகிறது, வளைவுக்கு வந்தவுடன் தடம் புரள்கிறது. எங்கே பிழை?

பதில்: முதலில் பெட்டியை நிறுத்துப் பாருங்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைக்கும் கணக்கு எளிமையானது: இந்த அளவுப் பெட்டிக்கு அடிப்படையாக ஓர் அவுன்ஸ், அதற்கு மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். உங்கள் பெட்டி ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர் நீளமாக இருக்கும். ஆகவே அது 105 கிராம் அளவில் இருக்கவேண்டும். தொகுப்பிலிருந்து வரும் வெறும் பிளாஸ்டிக் உடல் பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். எடையைக் கூரையில் ஒட்டாமல் தரையோடு தரையாக, இரண்டு போகிகளுக்கும், அதாவது பெட்டியின் அடியில் இரு முனைகளிலும் திரும்பும் நாற்சக்கரச் சட்டங்களுக்கும், சமமாகப் பிரித்து ஒட்டுங்கள். இரும்பு நட்டுகள் போதுமானவை.

எடை சரியாக இருந்தும் புரண்டால், போகிகளைப் பிடித்திருக்கும் திருகாணிகளைப் பாருங்கள். இரண்டையும் ஒரே இறுக்கத்தில் வைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. ஒரு போகி இடம் வலமாகத் திரும்ப மட்டும் முடிகிற அளவுக்கு அதன் திருகாணியை இறுக்குங்கள். மற்றதைச் சற்றுத் தளர்த்தி, திரும்பவும் பக்கவாட்டில் சாயவும் விடுங்கள். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதுபோல, பெட்டி அப்போது மூன்று புள்ளிகளில் ஊன்றி நிற்கும். தண்டவாளம் ஓரிடத்தில் தாழ்ந்திருந்தாலும் எட்டுச் சக்கரங்களும் அதைத் தொட்டுக்கொண்டே செல்லும். கடைசியாக, ஒவ்வோர் அச்சிலும் சக்கரங்களுக்கிடையிலான இடைவெளியை அளவுத்தகட்டால் சரிபாருங்கள். கண்ணை நம்பவேண்டாம்.

நுவரெலியா: மூன்று வாரம் உழைத்து நிறம் பூசிய பெட்டிக்குக் கடைசியாக மங்கல் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். பத்து நிமிடத்தில் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. பெட்டி வீண்தானா?

பதில்: வீணாகவில்லை. ஸ்பிரேயிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, உலராத வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் வெண்மை அதுதான். நன்றாகக் காய்ந்த, வெயிலுள்ள ஒரு காலைப்பொழுதில் அதே வார்னிஷை மிக மெல்லியதாக இன்னொருமுறை அடித்தால், பெரும்பாலும் பழைய படலம் இளகி ஈரத்தை விட்டுத் தெளிந்துவிடும்.

இனி எனது எச்சரிக்கை: மூடுபனி இறங்கிய நாளில் ஸ்பிரே அடிக்கவேண்டாம். நம் ஊர்களில் காலை தெளிந்திருந்தாலும் பிற்பகலில் பனி ஏறிவரும் நாட்களே மிகுதி. ஆகவே காலையிலேயே வேலையை முடியுங்கள். ஈரத்துக்குப் பயந்து அடுப்படியில் வைத்து அடிப்பதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஸ்பிரேயின் ஆவி தீப்பற்றக் கூடியது. எரியும் அடுப்பு இருக்கும் அறையில் அந்தக் குப்பியைத் திறக்கவே கூடாது.

பண்டாரவளை: கைபேசியில் படமெடுக்கிறேன். நேரில் அழகாக இருக்கும் பெட்டி படத்தில் விளையாட்டுச் சாமானாகத் தெரிகிறது.

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று படங்களும் மேலிருந்து கீழ்நோக்கி எடுக்கப்பட்டவை. உண்மையான சரக்குப் பெட்டியை நாம் அப்படிப் பார்ப்பதில்லை. மேடையிலோ பாதையோரத்திலோ நின்று அண்ணாந்துதான் பார்க்கிறோம். நிற்கும் மனிதரின் கண் மட்டம் 1:87 அளவில் ஏறக்குறைய 19 மில்லிமீற்றர் உயரமே. கைபேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்கு அருகில் வந்துவிடும். படத்தைப் பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றத்தைச் செய்து அடுத்த படத்தை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, தெளிவின் ஆழம். பெட்டியின் அருகிலுள்ள முனை கூர்மையாகவும் தொலைவிலுள்ள முனை கலங்கியும் இருந்தால், பொருள் சிறியது என்பதைக் கண் உடனே கண்டுகொள்கிறது. கைபேசியின் சிறிய உணரி இதில் உங்களுக்குச் சாதகமானது. பெரிய கமெரா வைத்திருப்பவர்கள் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்குகிறார்கள். அந்த அளவில் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதுமே மென்மையாகிவிடும். அதைவிட எஃப் 8 அளவில் கமெராவை அசையாமல் நிறுத்தி, குவியத்தை முன்முனையிலிருந்து பின்முனை வரை சிறிது சிறிதாக நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக அடுக்குவது மேல். முக்காலி இல்லாவிட்டால் பயறு நிரப்பிய துணிப்பை போதும்.

மூன்றாவது, ஒளி. சூரியன் ஒன்றுதான், பெட்டியின் நிழலும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். பலகையில் தண்டவாளத்தைப் பொருத்தி, காலை வெயிலில் வெளியே கொண்டுபோய், பின்னால் உண்மையான மலையை வைத்து எடுங்கள். எடுப்பதற்கு முன் தூரிகையால் தூசி தட்டுங்கள்; படத்தில் ஒரு தூசி செங்கல் அளவுக்குத் தெரியும்.

கம்பளை: எஞ்சினுக்குள் ஒலிச் சில்லு எப்படிப் பொருத்துவது?

பதில்: மின்சுற்று என் துறையல்ல. மின்பொருத்துநர் ஒருவரிடம் கேளுங்கள்.

நாவலப்பிட்டி: நம் மலைப்பாதையின் பழைய நாற்சக்கரச் சரக்குப் பெட்டிகளை 1:76 அளவில் கட்டி, கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் ஓட்ட விரும்புகிறேன். பொருந்துமா?

பதில்: ஓடும், பொருந்தாது. நம் பாதை ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர் அகலம். 1:76 அளவில், துல்லியமாகச் சொன்னால் 1:76.2 அளவில், அது 22 மில்லிமீற்றர் ஆகவேண்டும். நீங்கள் சொல்லும் தண்டவாளம் அந்த அளவில் 1257 மில்லிமீற்றரைத்தான் காட்டும். ஏறக்குறைய 42 சென்ரிமீற்றர் குறைகிறது.

கண்டி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ஐயா. பிரித்தானியர்கள் பல தலைமுறைகளாக இதே அளவுப் பெட்டிகளை இதே 16.5 தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் குறைகிறதே. புதியவர் ஒருவரைத் தொடக்கத்திலேயே பயமுறுத்துவது சரியா?

பதில்: நியாயமான கேள்வி. அவர்களுடைய உண்மைப் பாதை 1435 மில்லிமீற்றர். குறைவது 18 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதைக் கண் பொறுத்துக்கொள்கிறது. நமக்குக் குறைவது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உடலை நம் பெட்டியின் சரியான அகலத்தில் கட்டி, அதற்குக் கடையில் வாங்கிய அடிச்சட்டத்தைக் கொடுத்தால், முன்னிருந்து பார்க்கும்போது ஒடுங்கிய கால்களில் அகன்ற உடல் நிற்கும். அடிச்சட்டத்தையும் சரியான அகலத்தில் கட்டினால், அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும்.

கண்டி: பக்கவாட்டில் மட்டும் படமெடுத்தால் இரண்டுமே தெரியாது.

பதில்: சமவெளிப் பாதையென்றால் ஒப்புக்கொள்வேன். மலைப்பாதையில் ஐந்து சங்கிலி ஆரமுள்ள, அதாவது நூறு மீற்றர் அளவிலான வளைவுகள் உள்ளன. ஏற்றம் 44க்கு 1, அதாவது 44 மீற்றர் சென்றால் ஒரு மீற்றர் உயரும். அந்த வளைவில் திரும்பும் சரக்கு வண்டி தன் முகத்தையும் பக்கத்தையும் சேர்த்தே காட்டும். அந்தத் தோற்றத்துக்காகத்தானே நாம் இதைக் கட்டுகிறோம்? அதை எடுக்க முடியாத மாதிரியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்டி: அப்படியானால் 22 மில்லிமீற்றர் தண்டவாளத்துக்கு அவர் எங்கே போவார்?

பதில்: கையால் போடவேண்டும். செப்புத்தகடு ஒட்டிய சுற்றுப்பலகையைக் கீற்றுகளாக வெட்டிக் குறுக்குக் கட்டைகளாக வைத்து, சரியாக 22 மில்லிமீற்றருக்கு அராவிய பித்தளைத் துண்டை நடுவில் வைத்துத் தண்டவாளத்தைப் பற்றாசு பிடிக்கலாம். ஒவ்வொரு கட்டையிலும் செப்பின் நடுவே ஒரு கீறல் போட மறந்தால் இரு தண்டவாளங்களும் மின்சுருக்காகும். சக்கரங்களை அவற்றின் அச்சிலிருந்து கழற்றி, நீளமான எஃகுக் கம்பியில் மீண்டும் ஏற்றவேண்டும். ஒரு மீற்றர் பாதை, ஒரு பெட்டி என்று தொடங்கினால் எவராலும் இயலும்.

கையால் தண்டவாளம் போட விருப்பமில்லையென்றால், நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்குச் சென்று 1940களில் மூடப்பட்ட குறும்பாதையைக் கட்டுங்கள். அதன் அகலம் 762 மில்லிமீற்றர். 1:87 அளவில் 8.8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். கடையில் கிடைக்கும் 9 மில்லிமீற்றர் தண்டவாளம் அதற்கு அப்படியே பொருந்தும். அந்தப் பாதையைக் கண்ட முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கலாம். பெட்டிகளின் நிறத்தையும் கதவுகளையும் அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

பதுளை: என் பெட்டியும் ஸ்பிரே அடித்தபின் வெளுத்துவிட்டது. ஏன்?

பதில்: நுவரெலியா நண்பருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

தலவாக்கலை: குடித்து முடித்த தேயிலைச் சக்கையைப் பாதையோர மண்ணாகப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. நன்றாக அலசி, வெயிலில் முறுக்கக் காயவைத்து, சலித்து, நீர்த்த வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெளிர்நிறப் பரப்பில் சாயமும் இறங்கும். நிலக்கரிப் பாரத்துக்கு இடித்த அடுப்புக்கரி அழகாக இருக்கும்.

ஹப்புத்தளை: எழுத்து ஒட்டிகளின் ஓரம் வெள்ளி போல் மினுங்குகிறது. மழைக்கால ஈரத்தாலா?

பதில்: இல்லை. மங்கலான, சொரசொரப்பான நிறத்தின்மேல் ஒட்டியதால் அடியில் காற்று சிக்கியிருக்கிறது. முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் ஒட்டி, பிறகு ஒட்டியை இளக்கும் திரவம், கடைசியில் மங்கல் வார்னிஷ். ஏற்கெனவே மினுங்குகிற இடத்தில் ஊசியால் குத்தி அதே திரவத்தை விடுங்கள். அந்தக் கடைசி வார்னிஷையும் மூடுபனியில் அடிக்கவேண்டாம்.

நாவலப்பிட்டி: ஐயா, 22 மில்லிமீற்றரிலேயே ஒரு பெட்டி முயல்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: மிக்க மகிழ்ச்சி. கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்துக்கு அளவுநாடாவோடு சென்று, அங்கே நிற்கும் பழைய வண்டிகளின் அச்சுப் பெட்டி, அடிச்சட்டம், மோதுதாங்கி ஆகியவற்றை அனுமதி பெற்று அளந்து வாருங்கள். ஒவ்வோர் அளவையும் 76.2ஆல் வகுத்து எழுதுங்கள். அதற்குப் பிறகே பிளாஸ்டிக் தகட்டில் கத்தியை வையுங்கள். கண்டி நண்பரும் வருவதாக எழுதியிருக்கிறார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்படும்.