9.18 பஃபர் மத்தியானம் 9.08 காட்டினால் மீட்டரைத் திருப்பி அனுப்ப வேண்டுமா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் வனாமி இறால் வளர்க்கிறேன். குளத்து நீரைச் சோதிக்க ஆன்லைனில் பேனா மாதிரி ஒரு பிஹெச் மீட்டர் வாங்கினேன். ‘ஏடிசி உண்டு, வெப்பநிலையைத் தானே சரிசெய்துகொள்ளும்’ என்று பெட்டியில் போட்டிருக்கிறது. கூடவே 4.01, 6.86, 9.18 பஃபர் (மீட்டரைச் சரிபார்க்க உதவும், பிஹெச் முன்பே தெரிந்த கரைசல்) பவுடர் பாக்கெட்டுகளும் வாங்கினேன். வீட்டில் ஏசி அறையில் 25 டிகிரியில் 6.86, 9.18 இரண்டிலும் காலிபரேட் செய்தேன், அதாவது அந்த எண்களுக்கு மீட்டரைப் பொருத்தினேன். மத்தியானம் பண்ணைத் தகரக் கொட்டகையில் அதே பஃபர்களில் விட்டுப் பார்த்தால், மீட்டர் 38 டிகிரி என்று காட்டி, 9.18-க்கு 9.08-உம் 6.86-க்கு 6.84-உம் தருகிறது. ஏடிசி வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? திருப்பி அனுப்ப இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

பதில்: அனுப்ப வேண்டாம். மீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் எண்களே அதற்குச் சாட்சி.

பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் 9.18 என்பது 25 டிகிரி செல்சியஸில் அந்தக் கரைசலின் மதிப்பு, அவ்வளவுதான். அதில் இருப்பது வெண்காரம். சூடு ஏற ஏற வெண்காரக் கரைசலின் பிஹெச் நிஜமாகவே இறங்கும்: 20 டிகிரியில் 9.23, 30-இல் 9.14, 35-இல் 9.10, 40-இல் 9.07. 38 டிகிரிக்கு அட்டவணை சொல்வது 9.08. உங்கள் மீட்டர் காட்டியதும் அதுவே. 6.86 பஃபர் பாஸ்பேட் கலவை. அது 20 டிகிரியில் 6.88, 35-க்கு மேல் 6.84. அதுவும் பொருந்துகிறது.

அப்படியானால் ஏடிசி என்னதான் செய்கிறது? கண்ணாடி எலெக்ட்ரோடு தருவது மில்லிவோல்ட் கணக்கில் மின்னழுத்தம். 25 டிகிரியில் ஒரு பிஹெச் வித்தியாசத்துக்கு 59.16 மில்லிவோல்ட், 38 டிகிரியில் அதே ஒரு பிஹெச்சுக்கு 61.7. இந்த வித்தியாசத்தைக் கழிப்பதுதான் ஏடிசியின் வேலை. கரைசலின் அமிலத்தன்மையே மாறினால் அதை ஏடிசி மறைக்காது, மறைக்கவும் கூடாது. விற்பவர்கள் ‘வெப்பநிலையைத் தானே சரிசெய்யும்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவதால் வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வரியை இன்னும் தெளிவாக எழுத வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏடிசி இல்லாத மீட்டரை 25 டிகிரியில் காலிபரேட் செய்து, 38 டிகிரியில் இருக்கும் இதே பஃபரில் விட்டால் அது சுமார் 9.17 காட்டும். கரைசல் இறங்கிய அளவும் எலெக்ட்ரோடு கூட்டிக் காட்டிய அளவும் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பார்க்கிறவருக்கு ‘சரியாக இருக்கிறதே’ என்று தோன்றும். ஆக, நல்ல மீட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஏடிசி இல்லாத ஒன்றை மெச்சிக்கொள்ளும் நிலைமை வரலாம்.

உறுதி செய்துகொள்ள 4.01 பஃபரைப் பயன்படுத்துங்கள். அந்தக் கரைசல் வெப்பத்துக்கு அதிகம் அசைவதில்லை. 20 டிகிரியில் 4.00, 40 டிகிரியில் 4.03. கொட்டகையில் அதை 38 டிகிரிக்கு வர விட்டு, மீட்டரை இரண்டு மூன்று நிமிடம் அதிலேயே வைத்திருந்து பாருங்கள். 4.02, 4.03 பக்கம் நின்றால் ஏடிசி இருக்கிறது. 3.9-க்கு இறங்கினால் ஏடிசி இல்லை, அல்லது வெப்ப சென்சர் கெட்டிருக்கிறது. 6.86 பஃபரில் இந்தச் சோதனை பலிக்காது. 7-க்குப் பக்கத்தில் எலெக்ட்ரோடு தரும் மின்னழுத்தமே பூஜ்யத்தை ஒட்டி இருப்பதால் ஏடிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே எண்தான் வரும்.

3.9 வந்தால் மட்டும் படம் எடுத்து, அந்த இரண்டு நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். பெட்டியில் சொன்ன வசதி பொருளில் இல்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது குறைபாடுதான். விற்பவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உங்களிடம் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கொட்டகைச் சூட்டில் ‘பாக்கெட்டில் 9.18 தானே போட்டிருக்கிறது’ என்று மீட்டரை 9.18-க்குத் திருகிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் 9 பக்கம் வரும் எல்லா அளவும் 0.1 கூடுதலாகக் காட்டும். வனாமிக்கு 7.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும், காலைக்கும் மாலைக்கும் நடுவே 0.5-க்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்று பார்க்கிற இடத்தில் 0.1 சின்ன விஷயம் இல்லை. பிஹெச் ஏறினால் அம்மோனியாவின் நச்சும் ஏறும்; தண்ணீர் மாற்றுவதா, சுண்ணாம்பு போடுவதா என்று இந்த எண்ணை வைத்துத்தானே முடிவெடுக்கிறீர்கள்? சூட்டில் காலிபரேட் செய்தே ஆக வேண்டும் என்றால் அந்த நேர வெப்பநிலைக்கான மதிப்பை, அதாவது 38-க்கு 9.08-ஐ வையுங்கள். சில மீட்டர்களில் இந்த அட்டவணை உள்ளேயே இருக்கும். காலிபரேஷன் முடிந்ததும் திரையில் 9.08 நிற்கிறதா, 9.18 நிற்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம், குளத்து நீர் மத்தியானம் காலையைவிட அதிகம் காட்டினால் மீட்டரைச் சந்தேகிக்காதீர்கள். வெயிலில் பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் பிஹெச் நிஜமாகவே ஏறுகிறது. அந்த எண்ணை 25 டிகிரிக்கு மாற்றிக் கணக்குப் போட வேண்டாம். இறால் வாழ்வது அந்தச் சூட்டில்தான்.

கேள்வி: பஃபர் தீர்ந்துவிட்டது. கடையில் 7.00, 10.01 பாட்டில்தான் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: மீட்டரின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 4.01, 6.86, 9.18 ஒரு செட்; 4.01, 7.00, 10.01 வேறு செட். எந்த பஃபர் என்று தானாகக் கண்டுபிடிக்கும் மீட்டர், 6.86-ஐ எதிர்பார்க்கும்போது 7.00-ஐக் கொடுத்தால் அதையே 6.86 என்று நினைத்துக்கொள்ளும். அன்றைக்கு 7 பக்கம் வரும் எல்லா அளவும் 0.14 குறையும். செட்டை மாற்றும் வசதி மீட்டரில் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

பாட்டில் வாங்கும்போது லேபிளில் பேட்ச் எண், காலாவதித் தேதி, வெப்பநிலை வாரியான அட்டவணை மூன்றும் இருக்க வேண்டும். அட்டவணை இல்லாத பாட்டிலை, விலை குறைவு என்பதற்காக நான் வாங்க மாட்டேன். 9.18, 10.01 இரண்டும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல இறங்கும், அதனால் சின்ன பாட்டிலே நல்லது. ஒரு தடவை ஊற்றிப் பயன்படுத்தியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: பள்ளி ஆய்வகத்துக்கு 0.001 வரை காட்டும் மீட்டர் வாங்கலாமா?

பதில்: தேவையில்லை. திரையில் எத்தனை தசமம் வருகிறது என்பது வேறு, துல்லியம் வேறு. கையேட்டில் துல்லியம் என்ற வரியில் ±0.02 இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் எலெக்ட்ரோடைத் தனியாக மாற்றக்கூடிய மாடலை எடுங்கள், ஏனென்றால் முதலில் தேய்வது அதுதான். பயன்படுத்தாத நாளில் அதைக் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைக்காமல் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்.