வாகரைத் தோட்டத்து யூக்கலிப்டஸ்: கணக்கு ஏன் இரட்டிப்பாகிறது?

வணக்கம். ஐந்து வயது குளோன் மரங்களுக்கு (ஒரே தாய்மரத்தின் நகல்களாக வளர்த்தவை) நீங்கள் போட்ட கன அளவு, வியாபாரி சொல்லும் அளவைவிட இரு மடங்காக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்த முறை வியாபாரி ஏமாற்றவில்லை. நீங்கள் மரத்தை உருளையாக எண்ணிவிட்டீர்கள். அது மேலே போகப் போகக் கூம்புகிறது.

1.3 மீற்றர் உயரத்தில் சுற்றளவு 47 சென்ரிமீற்றர் என்றால் விட்டம் 15. மர உயரம் 16 மீற்றர் என்பதால் உருளைக் கணக்கில் 0.28 கனமீற்றர் வருகிறது. அதை வடிவக் காரணியால், அதாவது மரத்தின் உண்மைக் கன அளவு உருளைக் கணக்கில் எத்தனை பங்கு என்று சொல்லும் எண்ணால், பெருக்க வேண்டும். உத்தேசமாக 0.45 என்று வைத்தால் 0.13தான். ஆனால் அந்த 0.45ஐ அப்படியே நம்பாதீர்கள். சிறிதும் பெரிதுமாகப் பத்துப் பன்னிரண்டு மரங்களை வெட்டி, மீற்றருக்கு மீற்றர் சுற்றளவு எடுத்து உங்கள் காரணியை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரே குளோன், ஒரே வயது என்பதால் வடிவம் அதிகம் மாறாது. குளோன் மாறினால் காரணியும் மாறலாம். வேலியோர வரிசையைத் தவிர்த்துவிடுங்கள், வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்து அவை பருத்திருக்கும்.

அடுத்த ஐந்து வருடத்துக்கும் இதே வேகத்தில் வளரும் என்று கோடு இழுத்திருக்கிறீர்கள். அது நடக்காது. விதானம் மூடியபின், அதாவது மரங்களின் கிளைகள் மேலே ஒன்றோடொன்று கூடியபின், வளர்ச்சி வளைவு தணியும். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் அளவெடுங்கள். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை என்றால் ஒப்பிடவே முடியாது.