பட்டறைத் தராசு

அன்புள்ள ஐயா,

சேலம் அழகாபுரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள் பொறியாளர் நான். எங்கள் டீமில் 14 பேர், எல்லாம் ஒரே பெரிய நிரல். பில் போடும் பகுதியில் ஒரு வரியை மாற்றினாலும் வெளியே போக மூன்று வாரம் ஆகிறது. அதை மைக்ரோசர்வீஸாக, அதாவது தனித்தனியே ஓடும் சின்னச் சின்ன நிரல்களாக, உடைத்தால் வேகம் வரும் என்கிறார் மேனேஜர். வருமா? நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உடைத்தால் மட்டும் வராது. உடைத்துப் பார்த்து நொந்தவன் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பெரிய நிரலை ஏழு சர்வீஸாகப் பிரித்தோம், கேக்கும் வெட்டினோம். தகவலைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மட்டும் ஒன்றாகவே இருந்தது. அதில் வாடிக்கையாளர் விவரம் இருக்கும் டேபிளில் போன் நம்பருக்குப் பத்து எழுத்துதான் இடம். முன்னால் +91 சேர்க்க அதைப் பதின்மூன்றாக்க வேண்டும். ஏழு சர்வீஸும் அந்த டேபிளைத்தான் படித்தன. நாலு டீமைக் கூட்டி, நாள் குறித்து, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழையும் சேர்த்து ஏற்றினோம். முன்பெல்லாம் ஒன்றை ஏற்றிவிட்டுத் தூங்கப் போவோம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலையைப் பார்த்திருப்பீர்கள். கம்பி இழுப்பது ஒருவர், பற்றவைப்பது இன்னொருவர், சலங்கை வைக்கவும் மெருகு போடவும் வேறு கைகள். சரக்கு கை மாறும்போது தராசில் வைத்து எடை எழுதிக்கொள்வார்கள். திரும்பி வரும்போது மறுபடி எடை, சேதாரம் கழித்துக் கணக்கு. மெருகு போடுகிறவர் கம்பி இழுத்தவரைக் கூப்பிட்டு மீட்டிங் வைப்பதில்லை. ஒரு நிரல் இன்னொன்றோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் வழியாக நாம் ஏபிஐ என்று சொல்வது அந்தத் தராசைத்தான். எங்கள் ஏழு சர்வீஸுக்கு நடுவில் அது இல்லை. எல்லாரும் ஒரே பெட்டிக்குள் கைவிட்டு அள்ளிக்கொண்டிருந்தோம்.

இதை மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1968லேயே எழுதிவிட்டார்: ஆட்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அவர்கள் கட்டும் அமைப்பும் அந்த வடிவில்தான் வரும். அவர் சொல்லும் உதாரணத்தில் ஐந்து பேர் எழுதிய கோபோல் மொழிக் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஐந்து கட்டமாக ஓடியது, மூன்று பேர் எழுதிய அல்கால் மொழிக் கம்பைலர் மூன்று கட்டமாக. (நிரூபணம் போதாதென்று ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ திருப்பி அனுப்பிய கட்டுரை அது. கதை திரும்பி வந்த எழுத்தாளர்கள் கவனிக்க.)

14 பேர் என்றால் பேசிக்கொள்ள 91 ஜோடி. அதைக் குறைக்காமல் நிரலை மட்டும் நறுக்கினால், முன்பு ஒரே நிரலுக்குள் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்ட இடத்தில் இனி நெட்வொர்க் வழியாக வேறொரு நிரலைக் கூப்பிட வேண்டும். ராத்திரி பிழை தேடுவது இன்னும் பாடு. என்னைக் கேட்டால் பில் போடும் பகுதியை மட்டும் தனியே எடுங்கள். அதன் நிரல், அதன் டேபிள், அதை வெளியிடும் உரிமை மூன்றும் நாலு பேர் கையில் இருக்கட்டும். மற்றது இப்போதைக்கு ஒரே நிரலாகவே கிடக்கட்டும், குடி முழுகிவிடாது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. போன தடவை அந்த மூன்று வாரத்தில் நிரல் எழுதியது எத்தனை நாள், யாருக்காகக் காத்திருந்தது எத்தனை நாள் என்று ஒரு தாளில் குறியுங்கள். காத்திருந்ததெல்லாம் டெஸ்டிங் பார்க்கும் ஒருவருக்காக என்றால், மேனேஜரிடம் பேச வேண்டிய விஷயமே வேறு.