மொழி படிக்கப் போகும் விசாவில் கடன் அடையுமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்து, ஜப்பானிய மொழியில் என்5 தேர்வும் (ஐந்து நிலைகளில் ஆரம்ப நிலை; என்1 தான் உச்சம்) பாஸ் செய்திருக்கிறேன். ஜப்பானில் மொழிப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிட ஏஜென்ட் ஒருவர் ஆறு லட்சம் ரூபாய் கேட்கிறார். மாணவர் விசாவிலேயே முழுநேர வேலை பார்த்து ஒரு வருடத்தில் கடனை அடைத்துவிடலாம், விசாவுக்கும் கியாரண்டி என்கிறார். நிலத்தை அடகு வைக்க அப்பா தயாராக இருக்கிறார். போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருத்தாசலம்

பதில்: படிப்பதற்காகப் போகலாம் தம்பி. ஆனால் அந்த ஏஜென்ட் சொல்லும் கணக்கை நம்பி நிலத்தில் கை வைக்க வேண்டாம்.

மாணவர் விசாவில் வேலை பார்க்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். அது கிடைத்தாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டும் சேர்த்து 28. பள்ளியின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி நேரம் வரை பார்க்கலாம். மீறினது தெரிந்தால் விசாவை நீட்டிக்க மாட்டார்கள். ஊருக்கே திருப்பி அனுப்பவும் செய்வார்கள்.

டோக்கியோவில் 2024 அக்டோபரில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென்னாக இருந்தது. அந்தக் கணக்கில் 28 மணி நேரமும் வேலை கிடைத்தால் நான்கு வாரத்துக்குச் சுமார் 1,30,000 யென் வரும். பள்ளிக் கட்டணமோ பொதுவாக வருடத்துக்கு ஏழெட்டு லட்சம் யென், அதாவது மாதம் சுமார் 58,000 முதல் 67,000 யென் வரை. மீதியில்தான் வாடகை, சாப்பாடு, ரயில், மருத்துவக் காப்பீடு எல்லாம். வட்டி கட்டவே மிஞ்சாது. தவிர, என்5 அளவு ஜப்பானியத்தை வைத்துக்கொண்டு கடைக் கல்லாவில் நிற்க முடியாது. முதலில் கிடைப்பது பெரும்பாலும் பார்சல் பிரிப்பது, தொழிற்சாலையில் சாப்பாட்டு டப்பா அடுக்குவது போன்ற இரவு வேலைகள்தான். விடிய விடிய நின்றுவிட்டுக் காலை வகுப்பைத் தவறவிட்டால் வருகைப் பதிவு சரியும். விசாவை நீட்டிக்கப் போகும்போது குடிவரவுத் துறை அதைத்தான் புரட்டிப் பார்க்கும்.

'கியாரண்டி' என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை. சிஓஇ என்கிற தகுதிச் சான்றிதழுக்கு உங்கள் சார்பில் பள்ளிதான் ஜப்பானியக் குடிவரவுத் துறையிடம் விண்ணப்பிக்கும்; கொடுப்பதும் மறுப்பதும் அந்தத் துறையின் கையில். அது வந்த பிறகுதான் சென்னையில் விசா வேலை. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்றும் பார்ப்பார்கள். அடகுப் பணத்தை ஒரே நாளில் கணக்கில் கொண்டுபோய்ப் போட்டால் அதுவே கேள்வியாகிவிடும்.

உங்கள் பெரிய பலம் அந்த டிகிரி. பட்டம் இருப்பவர், மொழிப் பள்ளி முடித்ததும் தன் படிப்புக்குப் பொருந்தும் வேலையை ஒரு நிறுவனம் தந்தால், அங்கிருந்தே வேலை விசாவுக்கு மாற விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்போடு போகிறவருக்கு இது அவ்வளவு எளிதல்ல. கணிதம் படித்தவர் ஐடி பக்கம் முயலலாம். அதற்கு என்2 அளவு மொழி கைவசம் இருந்தால் நல்லது. மொழிப் பள்ளியில் இருக்க முடிவது அதிகபட்சம் இரண்டு வருடம் என்பதால், அதற்குள் என்2-ஐத் தொட வேண்டும்.

சம்பாதிப்பதுதான் அவசரம் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 2019-இல் ஜப்பான் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' பணியாளர் திட்டத்தில் 2021 முதல் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. என்4 அளவு மொழித் தேர்வும் தொழில் திறன் தேர்வும் பாஸ் செய்து, வேலை தரும் நிறுவனமும் அமைந்தால், முதியோர் பராமரிப்பு (இதற்குத் தனி மொழித் தேர்வும் உண்டு) போன்ற துறைகளில் முழுநேரம், முழுச் சம்பளத்தில் சட்டப்படியே வேலை பார்க்கலாம்.

எந்த வழியானாலும் என்4-ஐ இங்கேயே முடித்துவிடுங்கள். ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் தேர்வு நடக்கிறது. பள்ளிக்கு நீங்களே நேரடியாக மெயில் அனுப்பி, ஏஜென்ட் இல்லாமல் சேர முடியுமா, படித்து முடித்தவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். ஏஜென்ட்டைத்தான் நாடுவதென்றால், ஆறு லட்சத்தில் பள்ளிக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பள்ளிக் கட்டணத்தை சிஓஇ கிடைத்த பிறகு பள்ளியின் கணக்குக்கே அனுப்புங்கள். ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்.