கணினி திணறும்போது எந்த நிரலுக்கு முன்னுரிமை? லினக்ஸ் கேள்வி–பதில்

கேள்வி: காணொளியை எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றி நிரல் கொண்டு வேறு வடிவத்துக்கு மாற்றும்போது உலாவி திணறுகிறது. உலாவியின் முன்னுரிமையை உயர்த்தலாமா?

பதில்: உலாவியை உயர்த்த வேண்டாம், காணொளி மாற்றும் வேலையைத் தாழ்த்துங்கள். லினக்ஸில் ஒரு நிரலின் முன்னுரிமையைக் குறிக்கும் எண்ணான நைஸ் மதிப்பு −20 முதல் 19 வரை செல்லும். எண் கூடக்கூட முன்னுரிமை குறையும். பொதுவாக, சாதாரணப் பயனர் தம் நிரலின் எண்ணைக் கூட்டலாம், குறைப்பதற்கு ரூட் (நிர்வாகி) அனுமதி தேவை. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் எச்டாப்பில் நிரலின் வரியைத் தேர்ந்தெடுத்து எஃப்8 விசையை அழுத்தினால், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் எண் ஒன்று கூடும். வழக்கமான நைஸ் 0-க்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தரும் எடை (சிபியு நேரப் பங்கின் அளவு) 1024, நைஸ் 19-க்கு 15. ஆகவே ஒரே சிபியு கோருக்கு நைஸ் 0-இல் உள்ள உலாவியும் நைஸ் 19-இல் உள்ள காணொளி வேலையும் போட்டியிடும்போது காணொளி வேலைக்கு ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு நேரமே கிடைக்கும். உலாவி சும்மா இருக்கும்போதோ முழு நேரமும் காணொளி வேலைக்கே போகும் என்பதால், தாழ்த்துவதால் பெரிய நட்டமில்லை.

கேள்வி: நைஸ் 19 கொடுத்தும் மாற்றமே தெரியவில்லையே?

பதில்: பலரைக் குழப்பும் இடம் இது, தவறு உங்களுடையதன்று. 2011-இல் வந்த 2.6.38 கெர்னலில் ஆட்டோகுரூப் என்ற வசதி சேர்ந்தது. அது இயங்கும் கணினியில் ஒரு டெர்மினல் (கட்டளைச் சாளரம்) அமர்வின் நிரல்கள் ஒரு குழுவாகின்றன. நைஸ் எண் அக்குழுவுக்குள் மட்டுமே ஒப்பிடப்படுவதால், வேறு குழுவில் உள்ள உலாவிக்கு அதனால் பயனில்லை. நிரல்களைக் குழுக்களாகப் பிரித்து வளங்களைப் பங்கிடும் கெர்னல் வசதியான சிகுரூப்பைப் பயன்படுத்தும் இன்றைய டெஸ்க்டாப்களிலும் பங்கீடு முதலில் குழுக்களுக்கு இடையேதான் நடக்கிறது. எனவே குழுவின் எடையையே குறைக்க வேண்டும். ஒரு வேலையைத் தனிக் குழுவில் தொடங்கும் சிஸ்டம்டி-ரன் கட்டளையை யூசர், ஸ்கோப் தெரிவுகளுடன் கொடுத்து, குழுவின் எடையான சிபியுவெயிட் பண்பை 20 என வைத்து வேலையைத் தொடங்குங்கள். அதன் வழக்கமான மதிப்பு 100. நான் முதலில் பரிந்துரைப்பது இவ்வழியையே.

கேள்வி: பேக்கப் ஓடும்போது சிபியு ஓய்வாக இருந்தும் எல்லாம் தாமதமாகிறது.

பதில்: நெரிசல் வட்டில் இருக்கலாம். வட்டுப் பயன்பாட்டின் முன்னுரிமையை மாற்றும் ஐயோநைஸ் கட்டளையில் 3-ஆம் வகுப்பைக் கொடுத்தால், பிற நிரல்கள் வட்டைக் கேட்காதபோது மட்டுமே பேக்கப் அதைத் தொடும். ஆனால் பிஎஃப்க்யூ போன்ற, இவ்வகுப்புகளை மதிக்கும் ஐ/ஓ ஷெட்யூலர் (வட்டுக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் கெர்னல் பகுதி) இருந்தால்தான் இது பலிக்கும். என்விஎம்ஈ என்ற அதிவேக எஸ்எஸ்டி வட்டுகளில் பெரும்பாலும் ஷெட்யூலரே இராது.

கேள்வி: கட்டளை தெரியாத என் தந்தைக்கு என்ன வழி?

பதில்: க்னோம் சிஸ்டம் மானிட்டரில் நிரலின் மீது வலது சொடுக்கினால் முன்னுரிமையை மாற்றும் தெரிவு வரும். நிரலை மூடித் திறந்தால் அந்த மாற்றம் மறைந்துவிடும் என்பதே குறை. முன்னுரிமையைத் தானாக அமைக்கும் அனானிசி-சிபிபி என்ற பின்னணி நிரலை நீங்களே ஒருமுறை நிறுவித் தந்தால், நிரலின் பெயரைப் பார்த்து அதுவே விதியைப் பொருத்திவிடும். அவர் எதையும் தொட வேண்டியதில்லை.