‘எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும்’ என்று விற்ற வைஃபை கார்டு

கேள்வி: லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி அறுந்துபோனதால், ஆன்லைனில் இன்டெல் ஏஎக்ஸ்201 கார்டு வாங்கி நானே மாற்றினேன். என்னுடையது ஏஎம்டி பிராசஸர். விற்பனைப் பக்கத்தில் ‘எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும்’ என்று இருந்தது. ஆனால் லேப்டாப் கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை. பாக்கெட்டைப் பிரித்ததால் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார் விற்றவர். இதற்கிடையில் திரையில் ஒரு கோடு விழுந்தது. அடிமூடியைத் திறந்ததால் வாரன்டி கிடையாது என்கிறது சர்வீஸ் சென்டர். என்ன செய்வது?

பதில்: இவை இரண்டு தனித்தனி வழக்குகள். ஒரே நோட்டீஸில் போட்டுக் குழப்பாதீர்கள்.

முதலில் கார்டு. ஏஎக்ஸ்201 முழுமையான கார்டு அல்ல. அதன் வேலையில் ஒரு பகுதியை, லேப்டாப் போர்டில் பாகங்களை இணைத்து இயக்கும் சில்லான இன்டெல் சிப்செட் செய்ய வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு சிஎன்விஐ என்று பெயர். ஏஎம்டி போர்டில் அந்தப் பகுதியே கிடையாது. ஆனால் எம்.2 2230 என்ற கார்டு அளவு இரண்டு வகைப் போர்டுக்கும் ஒன்றுதான். அதனால் ஸ்லாட்டில் உட்காரும், திருகு ஏறும், இரண்டு ஆன்டெனா ஒயர்களும் டக்கென்று மாட்டும், வேலை மட்டும் செய்யாது. முழு வேலையையும் தானே செய்யும் பிசிஐஇ வகையான ஏஎக்ஸ்200 வாங்கியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

‘பொருந்தும் என்றுதானே சொன்னேன், பொருந்தியதே’ என்று விற்றவர் வாதாடலாம். எடுபடாது. வாங்குகிறவர் காதில் அந்தச் சொல்லுக்கு ‘வேலை செய்யும்’ என்றுதான் பொருள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. பாக்கெட்டைப் பிரிக்காமல் கார்டைச் சோதிப்பது எப்படி?

ஒரு எச்சரிக்கை. அதே பக்கத்தின் அடியில் எங்காவது ‘இன்டெல் சிப்செட்டுக்கு மட்டும்’ என்று இருந்தால் உங்கள் கட்சி பலவீனமாகும். அதனால் இன்றே முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் வாசகம் மாறிவிடுவது சகஜம். அப்புறம், பழைய கார்டைத் திரும்ப மாட்டி, அது வேலை செய்வதை வீடியோ எடுங்கள். ஸ்லாட்டில் கோளாறு இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இனி வாரன்டி. இங்கே அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். எல்லாம் வாரன்டி அட்டையின் வாசகத்தைப் பொறுத்தது. ‘அங்கீகாரமற்ற மாற்றத்தால் ஏற்பட்ட சேதத்துக்குப் பொறுப்பில்லை’ என்று இருந்தால், கார்டு மாற்றியதால்தான் கோடு விழுந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். ‘திறந்தாலே வாரன்டி ரத்து’ என்று இருந்தால் போராட்டம் கடினம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலையும் பாருங்கள். சில மாடல்களில் வைஃபை கார்டு வாடிக்கையாளரே மாற்றக்கூடிய பாகம் என்று நிறுவனமே எழுதியிருக்கும். அப்படி இருந்தால் அந்தப் பக்கம் ஒன்றே போதும். பேட்டரியைக் கழற்றாமல் கார்டை மாற்றினீர்களா? அப்படியென்றால் ஷார்ட் ஆனது என்பார்கள். பதிலைத் தயாராக வையுங்கள்.

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கவுன்டரில் வாயால் சொன்னதை வைத்து வழக்கு நடத்த முடியாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். சரிவரவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு.